தாமிரபரணிக் கரையின் உழைப்பாளர் தெருக்கள்: இளம்பருவ நினைவெழுத்து குறித்து ஓர் ஆய்வு

ஒருவர் தம் குழந்தைப் பருவத்தையும் வளரிளம் பருவத்தையும், காலம் கடந்த பின், தன்வரலாறாகவோ கட்டுரைத் தொடராகவோ புனைகதையாகவோ எழுதிவைப்பதை இளம்பருவ நினைவெழுத்து என்று குறிப்பிடலாம். தமிழில் இவ்வகை எழுத்து மிகுதியாக விளைந்த நிலங்களுள் ஒன்று திருநெல்வேலியும் அதனைச் சூழ்ந்த தாமிரபரணிப் பள்ளத்தாக்கும் ஆகும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை இந்நிலத்தில் வளர்ந்தவர்கள் தங்கள் தெருவையும் பள்ளியையும் படித்துறையையும் திரையரங்கையும் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ஆயினும் கரிசல் இலக்கியம் ஒரு தனித் துறையாகப் பெயர் பெற்று, கோவில்பட்டி வட்டாரத்தின் எழுத்தாக அடையாளம் காணப்பட்டு, பல்கலைக்கழக ஆய்வுகளுக்கும் உரியதாக ஆன அளவுக்கு, ஆற்றங்கரை நகரின் நினைவெழுத்து ஒரு தொகுதியாக வைத்து ஆராயப்படவில்லை. குறிப்பாக, அந்நினைவுகளில் உழைப்பு எங்கே இருக்கிறது, யாருடைய குழந்தைப் பருவம் எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படாமல் நின்றது என்ற கேள்விகள் உரிய அழுத்தத்துடன் கேட்கப்படவில்லை. நெல்லையின் நினைவெழுத்து தெருவை நுட்பமாகப் பதிவு செய்தது என்பதும், அத்தெருவின் வீடுகளுக்குள் நடந்த உழைப்பையும் தெருவுக்கு வெளியே இருந்த குடியிருப்புகளையும் அது காலம் தாழ்த்தியே, அதுவும் ஓரளவே, எட்டியது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

நிலமும் தொழிலும்

பொதிகை மலையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, எட்டு அணைக்கட்டுகளின் வழியாகக் கால்வாய்களுக்கு நீர் கொடுத்து, கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களையும் வாழைத் தோட்டங்களையும் வளர்ப்பது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயும், அரியநாயகிபுரத்திலிருந்து வரும் கோடகன் கால்வாயும், பழவூரிலிருந்து வரும் பாளையங்கால்வாயும் நகரப் பகுதியை ஊடுருவிச் செல்வதால், இங்கு வயலும் நகரத் தெருவும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகளாக அமைந்த டவுன், ஆற்றின் மறுகரையில் பள்ளிகளும் தேவாலயங்களும் அரசு அலுவலகங்களும் நிறைந்த பாளையங்கோட்டை, நெசவுக்கும் பீடித் தொழிலுக்கும் பெயர் பெற்ற மேலப்பாளையம் ஆகிய மூன்றும் தனித்தனி நகராட்சிகளாக நெடுங்காலம் இயங்கி, தச்சநல்லூர் பேரூராட்சியோடு சேர்த்து 1994இல்தான் ஒரே மாநகராட்சி ஆயின. ஆகவே போருக்குப் பிந்தைய அரை நூற்றாண்டின் நெல்லைக் குழந்தைக்கு 'ஊர்' என்பது பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றாகவோ, அதற்குள்ளும் ஒரு தெருவாகவோதான் இருந்தது.

தொழிற்சாலை என்னும் பொருளில் உழைப்பாளர் குடியிருப்பு இப்பள்ளத்தாக்கில் போருக்கு முன்பே தோன்றிவிட்டது. ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசம் அருவி நீரின் விசையைக் கொண்டு நூற்பாலை அமைத்ததைத் தொடர்ந்து விக்கிரமசிங்கபுரம் ஓர் ஆலை ஊராக வளர்ந்தது. போர் முடிந்த மறு ஆண்டான 1946இல் தொடங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 1949இல் தாழையூத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. நிறுவனர்களுள் ஒருவரான சங்கரலிங்க ஐயரின் பெயரால் அங்கே சங்கர்நகர் என்ற குடியிருப்பு எழுந்தது. மேற்கே மலைமீது, சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட 8,374 ஏக்கர் காட்டில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் உருவாகியிருந்தது. ஆனால் எண்ணிக்கையில் பெரும்பாலான உழைப்பாளர் இம்மூன்று இடங்களிலும் இருக்கவில்லை. வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, பேட்டை, மேலப்பாளையம் ஆகிய ஊர்களின் தறிக்குழிகளிலும், பத்தமடையின் கோரைப் பாய்த் தறிகளிலும், முக்கூடலையும் ஆலங்குளத்தையும் சூழ்ந்த ஊர்களின் பீடிச் சுளகுகளைச் சுற்றியும், வயல்களிலும் வாழைத் தோட்டங்களிலும்தான் அவர்கள் இருந்தார்கள். தொழிற்சாலை மதிலுக்கு வெளியே, வீட்டுக்குள்ளேயே நடந்த உழைப்பு இப்பள்ளத்தாக்கின் சிறப்பியல்பு என்பதை மனத்தில் கொண்டால்தான் அதன் குழந்தைப் பருவ எழுத்தைச் சரியாகப் படிக்க முடியும்.

முன்னோடிகள்: புதுமைப்பித்தனும் ரகுநாதனும்

இத்துறைக்கு முன்னோடியாகக் கொள்ளத்தக்க இரு படைப்புகளும் நினைவெழுத்துகள் அல்ல. ஆனால் பின்னர் வந்தவர்கள் எழுத வேண்டியிருந்த களத்தை அவை வரையறுத்துக் கொடுத்தன. 1930களில் எழுதப்பட்ட புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' நெல்லைப் பகுதியின் வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் ஒடுக்கப்பட்ட பெண்ணின் வாழ்வைச் சொல்வதோடு நில்லாமல், அத்தோட்டத்திலேயே வளரும் அவளுடைய மகளையும் கதைக்குள் கொண்டுவருகிறது. தாயின் துன்பம் பிள்ளையின் பருவமாக நீள்வதைத் தமிழில் அவ்வளவு கடுமையாகச் சொன்ன கதை அதற்கு முன் அரிது.

திருநெல்வேலியில் 1923இல் பிறந்த தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் வெளிவந்தது. அம்பாசமுத்திரம் வட்டாரக் கைத்தறி நெசவாளர்கள் நூல் விலையேற்றத்தாலும் துணித் தேக்கத்தாலும் நொடித்துப்போனதைக் களமாகக் கொண்ட இந்நாவல், போருக்குப் பிந்தைய பொருளாதார நெருக்கடி ஒரு தெருவின் அடுப்படிவரை எப்படி இறங்கியது என்பதைக் காட்டியது. செக் மொழியிலும் பெயர்க்கப்பட்டு அயல்நாட்டு வாசகர்களை அடைந்த இந்நூல், தமிழில் சோசலிச எதார்த்தவாதத்தின், அதாவது உழைக்கும் வர்க்கத்தின் போராட்டத்தை வரலாற்றின் இயக்கு விசையாகக் கண்டு எழுதும் முறையின், முதல் பெரும் முயற்சிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நெசவாளர் என்ற வர்க்கத்தை அது முழுமையாகக் கண்டது. தறிக்குழிக்கு அருகே நூல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை தானே எழுத வந்தால் என்ன எழுதியிருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு மட்டும் அந்நாவலின் எல்லைக்கு வெளியே இருந்தது.

தெருவின் எழுத்தாளர்கள்

1940களின் இறுதியையும் 1950ஆம் ஆண்டையும் ஒட்டிப் பிறந்த தலைமுறைதான் நெல்லையின் நினைவெழுத்தை ஒரு பெருக்காக மாற்றியது. வண்ணதாசன் 1946இலும், வண்ணநிலவன் 1949இலும், கலாப்ரியா 1950இலும் பிறந்தவர்கள். மார்க்சிய விமர்சகரும் 'தாமரை' இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவருமான தி.க. சிவசங்கரனின் மகன் வண்ணதாசன். அவர் வளர்ந்த சுடலைமாடன் கோயில் தெருவே கலாப்ரியாவின் தெருவும் ஆனது. வண்ணதாசனும் கலாப்ரியாவும் பிற்காலத்தில் வங்கிப் பணியாளர்கள் ஆனார்கள் என்பது வெறும் வாழ்க்கைக் குறிப்பாகக் கடந்துபோகத் தக்கதன்று. பள்ளிப் படிப்பால் கிடைத்த மாதச் சம்பளம் ஒரு தலைமுறையைத் தெருவிலிருந்து தூக்கிச் சென்ற பிறகே, அத்தெருவைத் திரும்பிப் பார்த்து எழுதும் தொலைவு அவர்களுக்கு வாய்த்தது.

அவர்கள் எழுதிய வீடுகளின் அமைப்பை அறிந்துகொள்வது இங்கே தேவையாகிறது. டவுனின் பழைய வீடுகள் முன்புறத் திண்ணை, அதை அடுத்துத் தார்சா எனப்படும் முன்கூடம், பட்டாசல் எனப்படும் நடுக்கூடம், அடுக்களை, பாத்திரம் கழுவி நீர் ஊற்றும் அங்கணம், புறவாசல் என்று நீளவாக்கில் ஓடுபவை. ஒரே நுழைவாயிலுக்குள் பல சிறு வீடுகள் வரிசையாக அமைந்து, கிணற்றையும் கழிப்பிடத்தையும் பொதுவாகக் கொண்ட குடியிருப்பை நெல்லையில் வளவு என்பார்கள். கடைக் கணக்குப்பிள்ளை, சமையல்காரர், தையல்காரர், பள்ளி ஆசிரியர், கோயில் பணியாளர் எனப் பல தொழிலாரும் வளவுகளில் குடியிருந்தமையால், ஒரு வீட்டின் பட்டினியும் மற்றொரு வீட்டின் பலகாரமும் சுவர் தாண்டித் தெரிந்தன. இந்நெருக்கமே இத்தலைமுறையின் எழுத்துக்கு அதன் தனிக் குணத்தைத் தந்தது. அதில் 'நான்' என்பது எப்போதும் பக்கத்து வீட்டு ஆச்சி, எதிர்வீட்டு அத்தை, தெருமுனைக் கடை அண்ணாச்சி ஆகியோருக்கு நடுவில்தான் தோன்றுகிறது.

வண்ணநிலவனின் 'ரெயினீஸ் ஐயர் தெரு' இக்குணத்தின் உச்சம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மறைப்பணியாளர் ரேனியஸின் பெயர் தாங்கிய தெரு ஒன்றின் சில கிறித்தவக் குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, தனி நாயகன் இல்லாமல், ஒவ்வொரு வீட்டின் வறுமையையும் ஆசையையும் தாழ்குரலில் சொல்லிச் செல்லும் அச்சிறு நாவலில் தெருவே முதன்மைப் பாத்திரமாகிறது. அவருடைய 'கம்பா நதி' படித்த இளைஞனின் வேலையின்மையை மையமாக்கி, குழந்தைப் பருவம் முடிந்தும் வருமானம் தொடங்காத இடைவெளியைக் காட்டுகிறது. கலாப்ரியாவின் 'நினைவின் தாழ்வாரங்கள்', 'உருள் பெருந்தேர்' போன்ற கட்டுரை நூல்கள், வசதியாக இருந்து சரிந்த ஒரு குடும்பத்துப் பையனின் கண்வழியாக 1950களின் இறுதியிலிருந்து திராவிட இயக்கக் கூட்டங்கள், எம்.ஜி.ஆர். படங்களின் முதல் நாள் கூட்டம், சுவரொட்டி, தெரு நட்பு ஆகியவற்றை வியப்பூட்டும் நினைவாற்றலுடன் பதிகின்றன. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த சுகாவின் 'மூங்கில் மூச்சு', 'தாயார் சன்னதி' ஆகியவை அதே டவுனின் பிற்கால ஆண்டுகளை, பேச்சுவழக்கின் இனிமையோடு எழுதிப் பரவலான வாசகர்களைப் பெற்றன.

இவ்வெழுத்துகள் உழைப்பைக் காணவில்லை என்று சொல்வது பிழையாகும். வண்ணதாசனின் 'நிலை' என்ற சிறுகதை ஒன்றே அதற்குப் போதிய சான்று. தேர் ஓடி முடிந்து நிறுத்தப்படும் இடத்தை நிலை என்பார்கள். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்க நான்கு ரத வீதிகளையும் சுற்றி நிலைக்கு வருவது ஊரின் மிகப் பெரிய பொது நிகழ்ச்சி. தேரோட்டத்தைக் களமாகக் கொண்ட இக்கதையில், ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கும் கோமு என்ற சிறுமி, வீட்டார் எல்லாரும் தேர் பார்க்கப் போன பிறகு, வீட்டு வேலைகளோடு பின்தங்கி நிற்கிறாள். அவள் போய்ச் சேரும்போது தேர் நிலைக்கு வந்துவிட்டது. அவளை யாரும் அடிப்பதில்லை. பெருங்கொடுமை என்று சுட்டத்தக்க எதுவும் கதையில் நிகழ்வதில்லை. ஊர் முழுவதற்கும் உரிய ஒரு காட்சி, உழைக்கும் குழந்தைக்கு மட்டும் நேரத்தால் மறுக்கப்படுகிறது. குழந்தை உழைப்பு பறித்துக்கொள்வது கூலியை மட்டுமன்று, பிள்ளைப் பருவத்தின் நேரத்தையே என்பதை இதனினும் துல்லியமாகச் சொன்ன தமிழ்க் கதையைக் காட்டுவது கடினம். ஆயினும் கோமுவைக் கண்டு எழுதியவர், அவளைப் போன்றவர்கள் வேலைக்கு நின்ற தெருக்களில் பிறந்தவர். கோமு எழுதிய கோமுவின் கதை நமக்குக் கிடைக்கவில்லை.

பள்ளியும் மதிய உணவும் திரையரங்கும்

உழைப்பாளர் வீட்டுப் பிள்ளையும் ஊழியர் வீட்டுப் பிள்ளையும் சந்தித்துக்கொண்ட பொது இடங்கள் மூன்று எனலாம். அவற்றுள் முதலாவது பள்ளி. பாரதியாரும் புதுமைப்பித்தனும் பயின்ற இந்துக் கல்லூரி நிறுவனமும், பாளையங்கோட்டையின் கிறித்தவப் பள்ளிகளும் நினைவெழுத்துகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இரண்டாவது, அப்பள்ளிகளில் இடப்பட்ட சோறு. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில் 1956இல் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டம் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளிக்குள் நிறுத்திய பெரும் ஏற்பாடு. 1960களில் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உதவியோடு வந்த பால் பவுடரும் தானிய மாவும் அத்தலைமுறையின் நாவில் தங்கிய சுவைகள். மதிய உணவை எழுதுவதில் வர்க்க வேறுபாடு வெளிப்படையாகத் தெரிகிறது. வீட்டில் சோறு இருந்த பிள்ளைக்கு அந்த வரிசை வேடிக்கையான காட்சியாக இருந்தது; வரிசையில் தட்டேந்தி நின்ற பிள்ளைக்கு அது அன்றைய நாளின் முதல் உணவாகவும், சில நேரங்களில் அவமானமாகவும் இருந்தது.

மூன்றாவது இடம் திரையரங்கு. ராயல், பாப்புலர், ரத்னா, பார்வதி, சென்ட்ரல் ஆகிய அரங்குகளின் பெயர்கள் நெல்லை நினைவெழுத்தில் ஊர்களின் பெயரைப் போலவே ஒலிக்கின்றன. தரை டிக்கெட்டில் சாதியும் வருமானமும் சிறிது நேரம் மங்கின என்பது உண்மைதான் என்றாலும், பெண்பிள்ளைகளுக்கு அவ்விருளின் விடுதலை பையன்களுக்குக் கிடைத்ததைப் போல ஒருபோதும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீடே பட்டறையான குழந்தைப் பருவம்

இப்பள்ளத்தாக்கின் உழைப்பாளர் குழந்தைப் பருவத்தை ஒரே தொழிலைக் கொண்டு விளக்க வேண்டுமானால் பீடித் தொழிலையே தேர்ந்தெடுக்க வேண்டும். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், பேட்டை முதலிய இடங்களில் பல்லாயிரம் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றினார்கள், இன்றும் சுற்றுகிறார்கள். மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வரும் இலையைப் பீடிக்கடை எனப்படும் நிறுவன முகவரின் கடையிலிருந்து எடை போட்டு வாங்கி வந்து, நீரில் நனைத்து, ஈரச் சாக்கில் பொதிந்து வைத்து, அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் கிடத்திய சுளகில் தூளைப் பரப்பி, இலைக்குள் தூள் இட்டுச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கி, கட்டுகளாக அடுக்கி மாலைக்குள் கடையில் சேர்க்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். தரம் குறைந்தவை என்று கடையில் கழிக்கப்படுபவற்றின் இழப்பு சுற்றியவளைச் சேரும்.

ஆயிரத்தை எட்டுவதற்கு ஒருத்தியின் இரண்டு கைகள் போதாமல் போகும் இடத்தில்தான் குழந்தை தொழிலுக்குள் வருகிறது. இலை வெட்டுவதற்கும் சுருட்டுவதற்கும் பழகிய விரல் வேண்டும். நூல் கட்டுவதையும் வாய் மடக்குவதையும் அடுக்குவதையும் சிறு பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொள்ளலாம். பள்ளிவிட்டு வந்த பெண்பிள்ளை தாயின் சுளகுக்கு எதிரே உட்கார்ந்து மடக்கத் தொடங்குவதே பல வீடுகளில் மாலைப் பொழுதாக இருந்தது. தெருவில் விளையாட்டுச் சத்தம் கேட்கும்போது உள்ளே கணக்கு எண்ணிக்கொண்டிருந்த அப்பிள்ளைகளுக்குத் தூளின் நெடியும் குனிந்த கழுத்தின் வலியும் பால்ய நினைவுகளில் அடங்கும்.

சட்டமும் இவ்வுழைப்பை நெடுங்காலம் காணாதிருந்தது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. தொழிலாளர் நல நிதிக்கான வரிச்சட்டம் 1976இல் வந்து, அந்நிதியிலிருந்து தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. பல வீடுகளில் மேற்படிப்பைச் சாத்தியமாக்கிய உதவி அது. ஆனால் 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலைத் தடைசெய்த பட்டியலில் வைத்துவிட்டு, குடும்பத்தினரின் உதவியோடு வீட்டிலேயே நடைபெறும் வேலைக்கு விலக்கு அளித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் பள்ளி நேரத்துக்குப் புறம்பாகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதற்கு இடம் விட்டது. வீட்டுக்குள் நடந்ததால் சட்டத்தின் கண்ணில் அது உழைப்பாகவில்லை. அதே காரணத்தால் இலக்கியத்தின் கண்ணிலும் நெடுங்காலம் படவில்லை. பீடித் தெருவின் குழந்தைப் பருவத்தை உள்ளிருந்து சொல்லும் ஒரு முழுத் தன்வரலாறு, 'ரெயினீஸ் ஐயர் தெரு'வுக்கு இணையான இடத்தில் வைத்துப் பேசும்படியாக, இன்னும் தமிழ் வாசகரிடையே நிலைபெறவில்லை.

வாழைத்தாரும் தேயிலையும்

ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஸ்ரீவைகுண்டம் சுற்றுப்புறத்தில் வளர்ந்த மாரி செல்வராஜின் வருகை இத்துறையின் திசையை மாற்றியது. 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்ற சிறுகதைத் தொகுப்பும், ஆனந்த விகடனில் தொடராக வந்த 'மறக்கவே நினைக்கிறேன்' நினைவுக் கட்டுரைகளும், அதுவரை நெல்லை எழுத்தில் ஓரமாக வந்துபோன கூலிக் குடும்பத்துப் பிள்ளையை எழுதுபவனின் இடத்தில் அமர்த்தின. 2024இல் வெளிவந்த 'வாழை' திரைப்படம், பள்ளி விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமக்கப் போகும் சிறுவனை மையமாக்கி, கடனும் முன்பணமும் குழந்தையின் தோள்வரை எப்படி இறங்குகின்றன என்பதையும், தார் ஏற்றிய லாரியிலேயே தொழிலாளரையும் ஏற்றிச் செல்லும் வழக்கம் எப்படி முடிந்தது என்பதையும் சொந்த வாழ்வின் இழப்பிலிருந்து எடுத்துச் சொன்னது. நெல்லையின் பழைய நினைவெழுத்தில் ஆறு என்பது குளியலும் படித்துறையும் தைப்பூச மண்டபமும் வெள்ளத்தில் மூழ்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலுமாக இருந்தது. இப்புதிய எழுத்தில் அதே ஆறு பாய்ச்சிய வாழை, சுமையாக வந்து தோளில் இறங்குகிறது. இரண்டும் உண்மை, இரண்டையும் ஒருசேர வைத்துப் படிக்கும்போதே பள்ளத்தாக்கு முழுமையாகத் தெரிகிறது.

ஆற்றின் நினைவு 1999 சூலை 23ஆம் நாளோடு என்றென்றைக்குமாக மாறியது. சிறையில் இருந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளரை விடுவிக்கவும் கூலிக் கோரிக்கைகளை வலியுறுத்தவும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலம் காவல்துறையின் தடியடிக்கு உள்ளாகி, ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் ஆற்றில் உயிரிழந்தனர். நெல்லையின் காஞ்சனை திரைப்பட இயக்கத்தைச் சேர்ந்த ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்நாளின் சாட்சியமாக நிற்கிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் ஐந்து பிரிவுகளின் தோட்டக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தவர்கள், குத்தகைக் காலம் 2028இல் முடியவிருக்கும் நிலையில், 2024இல் தோட்ட நிறுவனம் பணியை நிறுத்தி விருப்ப ஓய்வு அறிவித்ததை அடுத்து மலையை விட்டு இறங்கும் நிலைக்கு ஆளானார்கள். தெரு இடிந்தாலும் ஊர் இருக்கும் என்ற ஆறுதல் டவுன் எழுத்தாளருக்கு உண்டு. மாஞ்சோலைப் பிள்ளைக்கு, காடு திரும்பி எடுத்துக்கொள்ளவிருக்கும் இடத்தின் நினைவு மட்டுமே மிஞ்சும்.

பெண்பிள்ளைகளின் இடம்

இதுவரை பெயர் சொல்லப்பட்ட நெல்லை எழுத்தாளர் அனைவரும் ஆண்கள் என்பது தற்செயல் அன்று. தெருவைப் பற்றி எழுதுவதற்குத் தெருவில் நிற்க முடிந்திருக்க வேண்டும். பையனுக்குத் தெருமுனை, பாலம், ஆற்றங்கரை, திரையரங்கு என்று விரிந்த ஊர், பெண்பிள்ளை வயதுக்கு வந்த உடனே தார்சாவுக்குள் சுருங்கியது.

இச்சிக்கல் பிற நாடுகளின் எழுத்திலும் பேசப்பட்டதே. இங்கிலாந்தின் லீட்ஸ் நகர உழைப்பாளர் தெருவில் வளர்ந்த ரிச்சர்ட் ஹோகார்ட் 1957இல் வெளியிட்ட நூல், உழைப்பாளர் பண்பாட்டை உள்ளிருந்து விவரிக்கும் எழுத்துக்கு முன்மாதிரி ஆனது. போருக்குப் பின் லண்டனில் வளர்ந்த வரலாற்றறிஞர் கரோலின் ஸ்டீட்மன், 1986இல் வெளியிட்ட நூலில், அம்மரபு வரைந்த நிறைவான தாயின் சித்திரம் தம் தாய்க்குப் பொருந்தவில்லை என்று வாதிட்டார். நெசவு நகரான பர்ன்லியிலிருந்து வந்த அந்தத் தாய்க்கு நல்ல பாவாடை வேண்டும், நல்ல வாழ்வு வேண்டும் என்ற தீராத ஆசை இருந்தது. அந்த ஆசையும் அது நிறைவேறாத கசப்பும் வர்க்க வரலாற்றின் பகுதிகளே என்பது அவருடைய வாதம். நெல்லை எழுத்தில் நிறைந்திருக்கும் அன்பான அம்மாக்களையும் ஆச்சிகளையும் இவ்வாதத்தின் வெளிச்சத்தில் மீண்டும் படித்தால், அவர்கள் என்ன விரும்பினார்கள் என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை என்பது தெரியும்.

பெண் எழுத்தாளர் ஒருவர் இவ்வட்டார உழைப்பை எழுதிய பெரும் முயற்சி வெளியிலிருந்து வந்தது. திருச்சி மாவட்டத்து முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணன், களத்துக்கு வந்து தங்கி, தொழிலாளருடன் பேசி, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' நாவலையும், தீப்பெட்டித் தொழிலின் குழந்தைகளைப் பற்றிய 'கூட்டுக் குஞ்சுகள்' நாவலையும் எழுதினார். அண்டை மாவட்டத்தில் பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்து, ஒடுக்கப்பட்ட பெண்பிள்ளையின் பருவத்தை அவளுடைய மொழியிலேயே சொல்ல முடியும் என்று நிறுவியது. தாமிரபரணிக் கரையின் பீடித் தெருவிலிருந்தோ பாய்த் தறியிலிருந்தோ அதற்கு இணையான நூல் வருவதற்கான மொழியும் வாசகரும் இன்று இருக்கிறார்கள்.

நினைவை ஆய்வுக்கு உட்படுத்துதல்

நினைவு வரலாறாகுமா என்ற கேள்வி இத்துறையில் தவிர்க்க முடியாதது. கடந்தவை மீது கொள்ளும் ஏக்கம் பழைய வறுமையை அழகாக்கிவிடும் இயல்புடையது. வளவு வாழ்வின் நெருக்கத்தைப் போற்றும் கட்டுரை, அதே வளவில் இன்ன சாதியாருக்கு வீடு கிடையாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். அதற்காக இவ்வெழுத்துகளை ஒதுக்கிவிடவும் கூடாது. ஒரு நிகழ்ச்சியின் நாளைத் தவறாகச் சொல்லும் நினைவு, அந்நாளில் அரிசியின் விலை தாயின் முகத்தில் என்ன செய்தது என்பதைச் சரியாகச் சொல்லக்கூடும். ஆவணக் காப்பகத்தில் அது கிடைக்காது.

இதற்கான ஆய்வு மரபு நெல்லையிலேயே இருக்கிறது. நாங்குநேரியில் 1917இல் பிறந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்த நா. வானமாமலை, நாட்டார் பாடல்களையும் கதைப்பாடல்களையும் திரட்டி, நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தி, 'ஆராய்ச்சி' இதழின் வழியாக மக்களின் வாய்மொழியை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் முறையை வளர்த்தார். தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும், அங்கு பணியாற்றிய தே. லூர்துவின் நூல்களும் அம்முறைக்குக் கோட்பாட்டு அடிப்படை தந்தன. ஆ. சிவசுப்பிரமணியன் அடித்தள மக்கள் வரலாறு என்ற பெயரில் எழுதியவையும், தொ. பரமசிவன் பாளையங்கோட்டைத் தெருக்களின் பழக்கவழக்கங்களிலிருந்து எடுத்து எழுதிய பண்பாட்டுக் கட்டுரைகளும் ஒரு தெருவின் சிறு வழக்கத்திலிருந்து சமூக வரலாற்றைக் கட்ட முடியும் என்பதைக் காட்டின. இம்மரபு பாடலையும் சடங்கையும் தெய்வத்தையும் திரட்டிய அளவுக்கு, தொழில் செய்த குழந்தைப் பருவத்தின் வாய்மொழியைத் திரட்டவில்லை. இனி அது செய்ய வேண்டிய வேலை அதுவே.

இவ்வேலைக்குக் காலம் குறைவாக இருக்கிறது. 1950களில் நூல் சுற்றிய பிள்ளைகளும், மதிய உணவு வரிசையில் முதன்முதலாக நின்றவர்களும், விக்கிரமசிங்கபுரத்தின் ஆலைச் சங்குக்கு விழித்தவர்களும் இன்று எழுபதைக் கடந்தவர்கள். மாஞ்சோலையின் குடியிருப்புகள் கலைகின்றன. பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் மேலப்பாளையத்திலும் உள்ள கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும், தங்கள் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டின் ஒரு பாட்டியிடமிருந்து அவருடைய பத்து வயதின் ஒரு நாளை, அவர் செய்த வேலையோடும் அதற்குக் கிடைத்த கூலியோடும், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வாங்கி வருவதைப் பாடத்தின் பகுதியாக்க வேண்டும். அம்மாணவர்களுள் பலர் பீடித் தொழிலாளர் நல நிதியின் உதவித்தொகையில் படிப்பவர்கள். எழுதப்படாமல் நிற்கும் அந்த நூல் அவர்களுடைய வீட்டிலேயே இருக்கிறது.